பைகேமில் எதிர்வினை நேரம் அளக்க

உளவியல் ஆய்வகத்தில் நிரல் எழுதுவது என் வேலை. திரையில் ஒரு சொல் தோன்றியதிலிருந்து பங்கேற்பாளர் விசையை அழுத்தும்வரை எத்தனை மில்லி விநாடி என்று அளக்க, கணினி விளையாட்டு எழுதுவோர் பைத்தான் மொழியில் பயன்படுத்தும் பைகேம் நூலகமே எனக்குப் போதும். உளவியலாளர் ஸ்ட்ரூப் 1935-இல் வெளியிட்ட நிறச்சொல் சோதனையைத்தான் (‘பச்சை’ என்ற சொல் சிவப்பு மையில் வந்தால் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும்) இதில் அதிகம் நடத்துகிறேன்.

60 ஹெர்ட்ஸ் திரை 16.7 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கும். ஆகவே சொல்லை அரை விநாடி காட்ட, நிரலை நிறுத்திவைக்கும் ஸ்லீப் கட்டளையைப் போடாதீர்கள். 30 ஃபிரேம் (ஒரு புதுப்பிப்பு ஒரு ஃபிரேம்) எண்ணுங்கள். பைகேமில் திரையைத் திறக்கும்போது முழுத்திரையோடு ஸ்கேல்டு என்ற அமைப்புக் கொடியையும் சேர்த்து, ஃபிளிப்பைத் (வரைந்ததைத் திரைக்கு அனுப்பும் கட்டளை) திரையின் புதுப்பிப்போடு இணைக்கும் விசிங்கை 1 என்று வையுங்கள். ஸ்கேல்டு கொடியோ ஓப்பன்ஜிஎல் கொடியோ இல்லாவிட்டால் பைகேம் 2 விசிங்கைக் கண்டுகொள்ளாது. பிறகு 600 முறை ஃபிளிப் செய்து இடைவெளிகளை அச்சிட்டுப் பாருங்கள். 16.7-க்குப் பதில் 1, 2 மில்லி விநாடி என்று வந்தால் திரையோடு நிரல் ஒத்துப்போகவில்லை.

என் முதல் சோதனையின் எதிர்வினை நேர வரைபடம் சீப்பைப் போல இருந்தது. 400, 417, 433 மில்லி விநாடி. இடையில் ஒன்றுமே இல்லை. மனிதக் கை அப்படியா இயங்கும்? விளையாட்டுக்கு எழுதும் அதே சுழற்சியை எழுதியிருந்தேன்: நிகழ்வைப் படி, வரை, ஃபிளிப், கிளாக் டிக் 60 (விநாடிக்கு 60 சுற்றுக்கு மேல் ஓடவிடாத கட்டளை). எப்போது அழுத்தினாலும் விசை அடுத்த ஃபிரேமுக்காகக் காத்துக்கிடந்தது. சொல் வந்தபின் வரைவதற்குத்தான் ஒன்றுமில்லையே! ஃபிளிப் முடிந்ததும் பைத்தானின் நுண்கடிகாரமான பெர்ஃப் கவுண்டரில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, டிக் இல்லாத சிறு சுழற்சியில் விசையை மட்டும் கேளுங்கள். சொல்லைக் காட்டுமுன் பழைய நிகழ்வுகளைத் துடைத்துவிடுங்கள். அவசரக்காரர்கள் முன்பே அழுத்தியிருப்பார்கள்.

சாதாரண யுஎஸ்பி விசைப்பலகைகள் பலவற்றைக் கணினி 8 மில்லி விநாடிக்கு ஒருமுறைதான் விசாரிக்கிறது. அந்தத் தாமதம் ஆளுக்கு ஆள் வேறுபடாதிருக்க எல்லாருக்கும் ஒரே கணினி, ஒரே விசைப்பலகை. சராசரி எடுக்க ஆளுக்குப் பல முயற்சிகள்.

தமிழில் நடத்துவோருக்குத் தனித் தலைவலி ஒன்று உண்டு. பைகேமின் எழுத்துரு வசதி என் கணினியில் ‘பச்சை’யின் ஐகாரக் குறியைச் சகரத்துக்குப் பின்னால் கொண்டுபோய் ஒட்டியது. படிக்கவே தடுமாறும் சொல்லை வைத்து வாசிப்பு வேகத்தை எப்படி அளப்பது? சொற்களை ஒரே அளவில் பிஎன்ஜி படங்களாகச் செய்து, சோதனை தொடங்குமுன்பே எல்லாவற்றையும் நினைவகத்தில் ஏற்றிவிட்டேன்.

விடைகளை முயற்சிக்கு ஒரு வரியாக, வெற்றுத்திரை இடைவேளையிலேயே கோப்பில் எழுதிவிடுங்கள். கடைசியில் மொத்தமாகச் சேமிக்க வைத்திருந்தேன். ஒருவர் 170-ஆம் முயற்சியில் நிரலை மூடிவிடும் எஸ்கேப் விசையைத் தட்டினார்.