லோக்கல் சூழலை அமைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவர் சென்ற வாரம் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்து என் மேசையில் வைத்தார். பேக்கெண்ட் சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் நிரல், எழவில்லை. காலையிலிருந்து போராடிக்கொண்டிருக்கிறார். திரையில் இருந்தது ஒரே வரி: போர்ட் 5432-இல் இணைப்பு மறுக்கப்பட்டது. அதைப் பார்த்தவுடனேயே அவர் எங்கே தவறியிருப்பார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் அதே வரியின் முன்னால் நான் இரண்டு நாள் உட்கார்ந்திருக்கிறேன். இவருக்கு முன் சேர்ந்த இருவரும் அங்கேதான் நின்றார்கள்.

அதனால்தான் லோக்கல் சூழலை, அதாவது நிரலைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டிப் பார்ப்பதற்கான ஏற்பாட்டை, அமைப்பது பற்றி எழுதுகிறேன். நூலகங்களை நிறுவ மறந்தது, காற்புள்ளி விட்டுப்போனது, வேறொரு ஃபோல்டரில் நின்றுகொண்டு கட்டளையைத் தட்டியது போன்றவற்றை நான் தொடப்போவதில்லை. அவற்றைப் பிழைச்செய்தியே சொல்லிவிடும். பிழைச்செய்தி வேறு திசையில் கைகாட்டும் தவறுகளும், பிழைச்செய்தியே வராத தவறுகளும்தான் ஆளை வீழ்த்துகின்றன.

## லோக்கல்ஹோஸ்ட் என்பது எந்தக் கணினி?

அந்தத் தம்பியின் சிக்கல் இதுதான். சர்வீஸ் ஒரு டாக்கர் கண்டெய்னரில், அதாவது கணினிக்குள் தனியாகப் பிரித்த ஒரு பெட்டியில், ஓடுகிறது. போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் இன்னொரு கண்டெய்னரில். 5432 அதன் போர்ட். சர்வீஸின் அமைப்பில் தரவுத்தளத்தின் முகவரியாக 'லோக்கல்ஹோஸ்ட்' (இதே கணினி) என்று எழுதியிருந்தார். நம் கண்ணுக்கு இரண்டும் ஒரே மடிக்கணினிக்குள்தான் இருக்கின்றன. ஆனால் கண்டெய்னருக்குள் நின்று லோக்கல்ஹோஸ்ட் என்றால் அது அந்தக் கண்டெய்னரை மட்டுமே குறிக்கும். அதற்குள் போஸ்ட்கிரெஸ் இல்லை. தட்டினால் திறக்க ஆளில்லாத கதவு. பல கண்டெய்னர்களைச் சேர்த்து ஓட்டும் டாக்கர் கம்போஸில் ஒவ்வொரு சர்வீஸுக்கும் நாம் வைக்கும் பெயர்தான் அந்த வலையமைப்பில் அதன் முகவரி. தரவுத்தளத்துக்கு 'டிபி' என்று பெயர் வைத்திருந்தால் முகவரியும் 'டிபி'. ஒரு சொல்லை மாற்றினோம், சர்வீஸ் எழுந்துவிட்டது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கண்டெய்னருக்குள் ஓடும் சர்வீஸ் லோக்கல்ஹோஸ்டின் எண் முகவரியான 127.0.0.1-இல் மட்டும் காதுகொடுத்துக்கொண்டிருந்தால், போர்ட்டை வெளியே திறந்துவிட்டாலும் உலாவியிலிருந்து அதை எட்ட முடியாது. எல்லா இடைமுகங்களையும் குறிக்கும் 0.0.0.0-இல் கேட்கச் சொல்ல வேண்டும். பைத்தானின் வலைக் கட்டமைப்புகளான ஜாங்கோ, ஃபிளாஸ்க் இரண்டின் டெவலப்மென்ட் சர்வர்களும் நாம் எதுவும் சொல்லாவிட்டால் 127.0.0.1-ஐத்தான் பிடித்துக்கொள்கின்றன.

டாக்கரே வேண்டாம் என்று ஒதுக்கினாலும் இந்தச் சொல் விடாது. மைஎஸ்கியூஎல் கட்டளைக் கருவியிடம் லினக்ஸிலோ மேக்கிலோ லோக்கல்ஹோஸ்ட் என்று சொன்னால், அது டிசிபி என்ற வலையமைப்பு வழியாகப் போகாமல், அதே கணினிக்குள் பேசிக்கொள்வதற்கான சாக்கெட் கோப்பைத் தேடும். 127.0.0.1 என்றால்தான் டிசிபி. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோடின் 17-ஆம் பதிப்பில், 2021-இல், இன்னொரு மாற்றம் வந்தது. பெயரைத் தேடிக் கிடைத்த முகவரிகளை வந்த வரிசைப்படியே அது எடுத்துக்கொள்ளத் தொடங்கியது. அதனால் பல கணினிகளில் லோக்கல்ஹோஸ்ட் ஐபிவி6 முகவரியான ::1 ஆகிவிட்டது. 127.0.0.1-இல் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கும் தரவுத்தளத்துக்கு அந்த அழைப்பு கேட்காது. நோட் 20-இல் இரண்டு வகை முகவரிகளையும் முயன்று பார்க்கும் வழக்கம் வந்துவிட்டது. என்றாலும் பழைய பதிப்பில் ஓடும் திட்டங்கள் ஏராளம். பிழைச்செய்தியில் ::1 கண்ணில் பட்டால் வேறெங்கும் தேடி அலைய வேண்டாம்.

## புரொடக்‌ஷன் முகவரி

புரொடக்‌ஷன் என்றால் வாடிக்கையாளர்கள் உண்மையில் பயன்படுத்தும் சர்வர். இனிச் சொல்லப்போவதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆத்திரம் வருகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், லோக்கலில் ஓட்டுவதற்கு என்னென்ன அமைக்க வேண்டும் என்று கேட்டேன். மூத்தவர் ஒருவர் தன்னுடைய என்வி கோப்பை, அதாவது முகவரிகளும் கடவுச்சொற்களும் இருக்கும் அமைப்புக் கோப்பை, அப்படியே அனுப்பி, "இதைப் போட்டுக்கொள், ஓடும்" என்றார். போட்டேன், ஓடியது. உள்ளே நுழைந்தால் நூற்றுக்கணக்கான பயனர்கள், ஆர்டர்கள், முகவரிகள். சோதனைக்கென்று யாரோ பொறுப்பாகத் தயாரித்து வைத்த தரவு என்றே எடுத்துக்கொண்டேன். அது எங்கிருந்து வருகிறது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

இரண்டாவது வாரத்தில் முதல் முறையாக டெஸ்டுகளை ஓட்டினேன். மற்றவர்களுக்குப் பத்து விநாடியில் முடிவது, எனக்கு நான்கு நிமிடம் ஆகியும் ஊர்ந்துகொண்டிருந்தது. கணினிதான் மெதுவாக இருக்கிறது என்று நினைத்தேன். உண்மையில் ஒவ்வொரு வினவலும் வலையமைப்பைத் தாண்டித் தொலைவில் இருக்கும் ஒரு சர்வருக்குப் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. அந்த டெஸ்டுகள் முதலில் செய்வது, எல்லா அட்டவணைகளையும் காலி செய்து தொடக்க நிலைக்குக் கொண்டுவருவது. அதைச் செய்தன. எதிர் மேசையில் தொலைபேசி அடித்தது, பிறகு அடுத்த மேசையில். வாடிக்கையாளர் ஒருவர் தன் கணக்கே இல்லை என்கிறாராம் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அதற்கும் எனக்கும் தொடர்பு இருக்கும் என்று தோன்றவே இல்லை. என் திரையில் டெஸ்டுகள் ஒவ்வொன்றாகப் பச்சை நிறத்தில் தேறிக்கொண்டிருந்தன.

முந்தைய இரவின் காப்புநகல் இருந்தது. அன்று காலையிலிருந்து பதிவானவை அதில் இல்லை. லாக் கோப்புகளிலிருந்தும், வாடிக்கையாளர்களுக்குப் போயிருந்த மின்னஞ்சல்களிலிருந்தும் ஒவ்வொரு பதிவாகப் பொறுக்கி எடுத்தோம். மூன்று இரவுகள் ஆயின. சில பதிவுகள் திரும்பவே இல்லை. அவற்றுக்கு உரியவர்களைத் தொலைபேசியில் அழைத்து மன்னிப்புக் கேட்கும் வேலை, இதில் எந்தப் பங்கும் இல்லாத ஒரு பெண்ணின் தலையில் விழுந்தது. அவர் ஒவ்வொருவரிடமும் பொறுமையாகப் பேசிக்கொண்டிருந்ததை நான் மறக்கவில்லை.

கோப்பை அனுப்பியவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு. ஆத்திரம் வேறொன்றின் மேல். நேற்று வந்த ஒருவனின் மடிக்கணினியிலிருந்து புரொடக்‌ஷன் தரவுத்தளத்தை எட்ட முடிந்தது, அதுவும் எழுதவும் அழிக்கவும் உரிமையோடு. வழி திறந்திருக்கும்வரை யாராவது ஒருநாள் அதில் போய்விடுவார்கள்.

"நான் பார்த்துச் செய்வேன், எனக்கு அப்படி நடக்காது" என்பவர்களுக்குச் சென்ற மாதம் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் குழுவில் இரண்டாண்டு அனுபவமுள்ள பெண் ஒருவர் லோக்கலில் மைக்ரேஷன் (அட்டவணைகளின் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட்) ஓட்டினார். அட்டவணையை மாற்ற அனுமதி இல்லை என்று வந்தது. தன் சொந்தக் கணினியில் தனக்கே அனுமதி இல்லையா என்று குழம்பி என்னிடம் வந்தார். "கோப்பில் லோக்கல்ஹோஸ்ட் என்றுதானே இருக்கிறது அண்ணா, நீங்களே பாருங்கள்" என்றார். பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. அதே டெர்மினலில், தரவுத்தள முகவரியை வைத்திருக்கும் சூழல் மாறியின் மதிப்பை அச்சிடச் சொன்னேன். புரொடக்‌ஷன் முகவரி வந்து நின்றது. இரண்டு நாட்களுக்கு முன் ஓர் அறிக்கை எடுப்பதற்காக அந்த முகவரியை ஷெல்லில் (டெர்மினலில் கட்டளைகளை ஏற்கும் நிரல்) எக்ஸ்போர்ட் செய்திருக்கிறார். அந்த டெர்மினலை மூடவில்லை.

பலருக்குத் தெரியாத இடம் இது. என்வி கோப்பைப் படித்துத் தரும் நூலகங்கள், நோடில் டாட்என்வி ஆனாலும் பைத்தானில் பைத்தான்-டாட்என்வி ஆனாலும், ஷெல்லில் ஏற்கெனவே இருக்கும் மாறியின்மேல் கைவைப்பதில்லை. நாம் தனியாகச் சொன்னால்தான் மேலெழுதும். ஷெல்லில் ஒரு மதிப்பும் கோப்பில் ஒரு மதிப்பும் இருந்தால் ஷெல்லுக்கே வெற்றி. சர்வரில் இது நமக்கு வேண்டிய நடத்தைதான். அங்கே உண்மையான மதிப்புகள் வெளியிலிருந்து வரும், தவறிப்போய் ஒட்டிக்கொண்டு வந்த கோப்பு அவற்றைக் கெடுக்கக் கூடாது. மடிக்கணினியிலோ, கோப்பைத் திறந்து பார்த்து நிம்மதி அடைகிறவரை இதே நடத்தை ஏமாற்றிவிடும். ஓடிக்கொண்டிருக்கும் புரோசஸிடம் என்ன மதிப்பு இருக்கிறது என்று பாருங்கள். கோப்பு அதற்குச் சாட்சி ஆகாது.

அன்று தரவு தப்பியதற்கு ஒரே காரணம், அறிக்கைகளுக்கென்று அவருக்குத் தந்திருந்த கணக்குக்குப் படிக்க மட்டுமே உரிமை இருந்தது. என் பழைய சம்பவத்துக்குப் பிறகு நான் பிடிவாதமாகக் கேட்டு வாங்கிய ஏற்பாடு அது. இன்னும் சிலவற்றையும் செய்திருக்கிறோம். புரொடக்‌ஷன் தரவுத்தளம் இப்போது தனி வலையமைப்புக்குள் இருக்கிறது. மடிக்கணினியிலிருந்து நேரே போக வழியில்லை, பார்க்க வேண்டியவர்கள் ஓர் இடைச் சர்வர் வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் சர்வீஸ் எழும்போது, எந்த ஹோஸ்டில் எந்தப் பெயருள்ள தரவுத்தளத்தோடு இணைந்திருக்கிறது என்பதை முதல் வரியில் அச்சிடும், கடவுச்சொல்லை விட்டுவிட்டு. டெஸ்டுகள் தொடங்கும் முன், தரவுத்தளத்தின் பெயர் 'டெஸ்ட்' என்று முடிகிறதா என்று ஒரு சோதனை நடக்கும். முடியவில்லை என்றால் ஓர் அட்டவணையையும் தொடாமல் அங்கேயே நின்றுவிடும். நான்கு வரி நிரல். அந்த நான்கு வரியை அன்றைக்கு யாரும் எழுதி வைத்திருக்கவில்லை.

தரவுத்தளத்தைப் பிரித்ததோடு வேலை முடிந்துவிடாது. லோக்கல் சர்வீஸ் புரொடக்‌ஷன் க்யூவோடு (வேலைகள் காத்திருக்கும் வரிசை) இணைந்திருந்தால், அங்கே வரும் வேலைகளில் சிலவற்றை உங்கள் மடிக்கணினி எடுத்துக்கொண்டு போய்விடும். எந்தப் பிழைச்செய்தியும் வராது. சில வாடிக்கையாளர்களின் வேலை மட்டும் நடக்காமல் நிற்கும், காரணம் யாருக்கும் பிடிபடாது. மின்னஞ்சலும் அப்படித்தான். மெயில்பிட் போன்ற கருவியை லோக்கலில் ஓட்டினால் 1025-ஆம் போர்ட்டில் கடிதங்களை வாங்கி வைத்துக்கொண்டு 8025-இல் உலாவியில் காட்டும், ஒன்றும் வெளியே போகாது. பணம் செலுத்தும் சேவைகளுக்குச் சோதனைச் சாவி தனியாகக் கிடைக்கும், அதை மட்டுமே வைத்துக்கொள்ளுங்கள்.

புரொடக்‌ஷன் தரவின் நகலை லோக்கலுக்கு இறக்கிக்கொள்வது இதே தவறின் தங்கை. மடிக்கணினி தொலைந்தால் அத்தனை பேரின் தொலைபேசி எண்ணும் முகவரியும் அதோடு தொலையும். இருபது பொய்ப் பயனர்களை உருவாக்கும் ஒரு சீட் ஸ்கிரிப்டை அரை நாளில் எழுதிவிடலாம்.

## தரவுத்தளம் எழுவதற்குள் ஓடிவரும் சர்வீஸ்

கம்போஸில் 'டிபெண்ட்ஸ் ஆன்' என்று எழுதிவிட்டால் தரவுத்தளம் தயாரான பிறகுதான் சர்வீஸ் எழும் என்று பலர் நம்புகிறார்கள். வெறுமனே எழுதினால் அது கண்டெய்னர் தொடங்கிவிட்டதா என்று மட்டும் பார்க்கும். உள்ளே போஸ்ட்கிரெஸ் இணைப்புகளை ஏற்கத் தயாரா என்று பார்க்காது. முதல் முறை விழுந்து, இரண்டாம் முறை எழும் சர்வீஸைக் கண்டால் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். தரவுத்தளத்துக்கு ஒரு ஹெல்த்செக் எழுதி, அது தேறும்வரை காத்திருக்கச் சொல்லுங்கள். போஸ்ட்கிரெஸோடு வரும் 'பிஜி ஈஸ் ரெடி' என்ற சிறு கருவி அதற்குப் போதும். இடையில் இருபது விநாடி உறங்கச் சொல்லும் கட்டளையைச் செருகி ஒப்பேற்றாதீர்கள். மெதுவான கணினியில் அந்த இருபது விநாடி போதாமல் போகும்.

## லேட்டஸ்ட்

போஸ்ட்கிரெஸ் இமேஜுக்கு (கண்டெய்னரை உருவாக்கும் அச்சு) பதிப்பு எண்ணுக்குப் பதில் 'லேட்டஸ்ட்' என்று எழுதாதீர்கள். பதிப்பு 16 எழுதிய தரவுக் கோப்புகளைப் பதிப்பு 17 திறக்காது.

## லோக்கலில் எஸ்கியூலைட், சர்வரில் போஸ்ட்கிரெஸ்

எளிதாக இருக்கிறது என்று இப்படித் தொடங்குகிறார்கள். எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளம் எண் நெடுவரிசையில் எழுத்துகளைப் போட்டாலும் பொதுவாக வாங்கிக்கொள்ளும். பத்து எழுத்து என்று வரம்பு வைத்த இடத்தில் ஐம்பது எழுத்தைப் போட்டாலும் மறுக்காது. அயல் சாவிக் கட்டுப்பாடுகளை (ஓர் அட்டவணை சுட்டும் பதிவு மற்றொன்றில் இருக்க வேண்டும் என்ற விதி) ஒவ்வோர் இணைப்பிலும் நாம் இயக்கிவிட வேண்டும், இயல்பாக அவை அணைந்தே இருக்கும். போஸ்ட்கிரெஸ் இவை எல்லாவற்றையும் மறுக்கும். அதாவது லோக்கலில் தேறிய நிரல் சர்வரில் விழும். சர்வரில் எதுவோ, அதையே அதே பதிப்பில் லோக்கலிலும் ஓட்டுங்கள்.

## என்வி கோப்பு கிட்டில் ஏறிவிட்டால்

அடுத்த கமிட்டில் (கிட் சேமித்து வைக்கும் மாற்றப் பதிவு) அழித்தால் போதாது, பழைய கமிட்டில் அது அப்படியே இருக்கும். சாவிகளை மாற்றுங்கள், இன்றே.

## கடவுச்சொல்லை மாற்றியும் மாறவில்லை

கம்போஸ் கோப்பில் போஸ்ட்கிரெஸின் கடவுச்சொல்லை மாற்றி, நிறுத்தி மறுபடி தொடங்கினாலும் பழைய கடவுச்சொல்லே செல்லும். டாக்கரின் போஸ்ட்கிரெஸ் இமேஜ், தரவு அடைவு காலியாக இருக்கும் முதல் தடவை மட்டுமே அந்த மாறியைப் பார்க்கிறது. தொடக்க ஸ்கிரிப்டுகளுக்கும் இதே விதிதான். கம்போஸின் 'டவுன்' கட்டளை கண்டெய்னர்களையும் அவற்றின் வலையமைப்பையும் நீக்கும், தரவைச் சேமித்து வைக்கும் பெயர் வைத்த வால்யூம் தங்கிவிடும். 'வி' கொடியோடு தட்டினால்தான் அதுவும் போகும். சீட் ஸ்கிரிப்ட் கையில் இருந்தால் தயங்காமல் தட்டலாம்.

## திறந்து கிடக்கும் போர்ட்

கம்போஸில் 5432:5432 என்று எழுதினால், டாக்கர் அந்தப் போர்ட்டை உங்கள் கணினியின் எல்லா நெட்வொர்க் இடைமுகங்களிலும் திறக்கிறது. அதே வைஃபையில் இருக்கும் எவரும் எட்டலாம், அதுவும் பெரும்பாலும் 'போஸ்ட்கிரெஸ்' என்றே கடவுச்சொல் வைத்த தரவுத்தளத்தை. லினக்ஸில் யூஎஃப்டபிள்யூ ஃபயர்வாலை இயக்கி வைத்திருக்கிறேனே என்று நம்பியிருக்க வேண்டாம். டாக்கர் தன் விதிகளை நேரடியாக லினக்ஸின் அடிப்படை ஃபயர்வாலான ஐபிடேபிள்ஸில் எழுதுவதால், அந்த வேலி இந்தப் போர்ட்டைத் தடுக்காது. 127.0.0.1:5432:5432 என்று எழுதினால் உங்கள் கணினிக்குள் மட்டும் திறக்கும். ரெடிஸ் தரவுத்தளத்தின் 6379-க்கும் இப்படியே எழுதுங்கள். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் திட்டம் உங்களிடம் இருந்தால், அதன் கம்போஸ் கோப்பில் 'போர்ட்ஸ்' பகுதியின் ஒவ்வொரு வரியிலும் முன்னால் அந்த முகவரி இருக்கிறதா என்று இப்போதே திறந்து பாருங்கள்.