பேய் வீட்டுப் படம் மொக்கையான்னு 15 நிமிஷத்துல கண்டுபிடிக்கிறது எப்படி

நேத்து ராத்திரி ஒன்றரை மணி நேரம் வீணாப் போச்சு. ஒரு குடும்பம் பழைய வீட்டுக்குக் குடி வருது, கதவு தானா சாத்துது, லைட்டு மினுக்குது, இதே திரும்பத் திரும்ப நடந்து கடைசி 5 நிமிஷத்துல மூஞ்சி பூரா பவுடர் அப்பிக்கிட்டு பேய் வந்துச்சு, எனக்கு சிரிப்புதான் வந்துச்சு. நீங்களாவது தப்பிச்சுக்கங்க.

அதுக்காக லோ பட்ஜெட்னாலே ஒதுக்கிடாதீங்க. பாராநார்மல் ஆக்டிவிட்டிய டைரக்டர் ஓரன் பெலி தன் சொந்த வீட்லயே சுமார் 15,000 டாலர்ல எடுத்தாரு, 2009ல தியேட்டருக்கு வந்து உலகம் முழுக்க 19 கோடி டாலருக்கு மேல அள்ளுச்சு. அதுல பெட்ரூம்ல ஸ்டாண்டுல நிக்கிற கேமரா அசையவே அசையாது, நாம இருட்டு வாசலையே முறைச்சுப் பாத்துட்டு உக்காந்திருப்போம். இதுக்கெல்லாம் காசா வேணும்?

சரி, டெஸ்டுக்கு வரேன். 15 நிமிஷம் ஆனதும் நிறுத்திட்டு அந்த வீட்டோட பிளானை ஒரு பேப்பர்ல வரைய முடியுதான்னு பாருங்க. மாடிப்படி எங்க, குழந்தை ரூமுக்கும் அம்மா ரூமுக்கும் நடுவுல என்ன இருக்கு, பின்வாசல் எந்தப் பக்கம். வரைய முடிஞ்சா டைரக்டருக்கு வீடு தெரியும்னு அர்த்தம், அப்புறம் மேல சத்தம் கேட்டா அது யாரு தலைக்கு மேலன்னு நமக்கே புரிஞ்சு வயித்தக் கலக்கும். முடியலைன்னா எல்லா காரிடாரும் ஒண்ணுதான், எவன் எங்க ஓடுறான்னே தெரியாது, பயம் எப்படி வரும்?

அடுத்து சவுண்ட். ஒரு பயமுறுத்துற சீனை மியூட்ல போட்டுப் பாருங்க. ஒண்ணுமே இல்லாம பூனை குதிக்குறது மட்டும் தெரிஞ்சா உங்களைத் தூக்கிப் போட்டது ஸ்பீக்கர்தான், படம் இல்ல. திடுக்குனு சத்தம் போடுறதே தப்புன்னு சொல்லல, 1942ல வந்த கேட் பீப்பிள் படத்துல ஒரு பொண்ணு ராத்திரி தனியா நடந்து போவா, யாரோ பின்னாடி வர்ற மாதிரியே இருக்கும், திடீர்னு ஒரு பஸ் சீறிக்கிட்டு வந்து நிக்கும். அதுக்கு முன்னாடி அவ்ளோ நேரம் நம்மள காக்க வச்சதாலதான் அந்த பஸ்ஸுக்கே தூக்கிவாரிப் போடுது.

அப்புறம் பேய் இருக்குன்னு தெரிஞ்சும் அந்தக் குடும்பம் ஏன் வீட்டை விட்டுப் போகலன்னு படத்துல ஒரு காரணம் சொல்லணும், கடனோ நோயாளியோ எதுவோ. சொல்லலைன்னா மூடிடுங்க.

45 நிமிஷம் ஆகியும் கதவு மட்டுந்தான் ஆடுதுன்னா கடைசி 10 நிமிஷத்துக்கு ஓட்டிடுங்க, கதை ஒண்ணும் விட்டுப் போகாது. நான் நேத்து அதைக்கூட செய்யல, எண்ட் டைட்டில் வரைக்கும் உக்காந்திருந்தேன்.