தீவுக்கு ஒரு நாள் பயணமா? படகு ஏறும் முன்...

வழிகாட்டியுடன் தீவுக்குப் போகிறவர்கள் காலையில் முதலில் கிளம்பும் படகையே கேளுங்கள். வெயில் ஏற ஏறக் கடற்காற்று வலுக்கும், மதியத்துக்கு மேல் அலையும் பெரும்பாலும் கூடும். விரைவுப் படகின் முன்பக்கம் படம் எடுக்க அழகுதான். ஆனால் தூக்கிப் போடுவதும் அங்கேதான் அதிகம். முதுகுவலி உள்ளவர்கள் பின்பக்கம் உட்காருங்கள். குமட்டல் மாத்திரையைப் படகு ஆடத் தொடங்கிய பிறகு போட்டு அதிகம் பயனில்லை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். (பலருக்குத் தூக்கம் வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.)

அப்புறம் வெயில். ஸ்நார்க்கெலிங் (மூச்சுக்குழாய் மாட்டிக்கொண்டு நீர்மட்டத்தில் குப்புற நீந்துவது) செய்யும்போது தண்ணீரின் குளுமையில் முதுகு கருகுவதே தெரியாது. முழுக்கைச் சட்டையோடு நீந்துவது மேல். சன்ஸ்க்ரீனில் ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற வேதிப்பொருட்கள் இருக்கிறதா என்று பாருங்கள். பவளப்பாறைகளுக்கு ஆகாது என்று ஹவாயில் 2021 முதல் மருத்துவர் சீட்டு இல்லாமல் அவற்றை விற்கத் தடை.

தீவு கடல் பூங்காவுக்குள் இருந்தால், பூங்கா நுழைவுக் கட்டணம் பயணத் தொகையில் சேர்ந்ததா என்று முன்பே கேட்டுவிடுங்கள், பல இடங்களில் அது தனி. கரையில் இறங்கியதும் படகின் எண்ணை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பும்போது எல்லாப் படகும் ஒரே மாதிரிதான் தெரியும்.