எம்ஆர்டி பாலத்தடியில் வெறுமனே கிடக்கும் இடத்தை அக்கம்பக்கத்தார் சீரமைப்பது எப்படி?

சிங்கப்பூரின் முதல் பெருவிரைவு ரயில் (எம்ஆர்டி) 1987 நவம்பர் 7ஆம் தேதி இயோ சூ காங்குக்கும் தோ பாயோவுக்கும் இடையே ஓடத் தொடங்கியது. இன்று பல குடியிருப்புப் பேட்டைகளின் வழியே ரயில் தூண்களின்மேல் செல்கிறது. அத்தூண்களுக்கு நடுவே சில இடங்களில் சைக்கிள் பாதை இருக்கிறது. வேறு சில இடங்களில் புல்கூட முளைக்காத மண்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட ஓர் இடத்தைக் குடியிருப்பாளர்களே முன்னின்று மாற்ற விரும்பினால், கட்டடக்கலைப் படிப்போ சட்ட அறிவோ இல்லாமலே தொடங்கலாம்.

இதற்கு நம் ஊரிலேயே முன்மாதிரி உண்டு. தஞ்சோங் பகாரிலிருந்து உட்லண்ட்ஸ் வரை 24 கிலோமீட்டர் நீண்ட பழைய மலாயா ரயில் பாதையில் கடைசி ரயில் 2011 ஜூன் 30ஆம் தேதி ஓடியது. அதற்கு முன்பே, 2010 அக்டோபரில், அந்நிலத்தைத் தொடர்ச்சியான பசுமை வழித்தடமாகக் காக்க வேண்டும் என்ற முன்மொழிவைச் சிங்கப்பூர் இயற்கைச் சங்கம் எழுதி முன்வைத்துவிட்டது. நிலத்தின் கதி முடிவாவதற்கு முன்பே வந்ததுதான் அதன் பெரும் பலம் என்று நான் நினைக்கிறேன். இன்று ‘ரயில் காரிடார்’ எனப்படும் அந்தப் பாதையில் நாம் நடக்க முடிகிறது என்றால், அதில் குடிமக்களின் குரலுக்கும் பங்குண்டு.

படி 1: வரைவதற்கு முன் கவனியுங்கள்

முழு வழித்தடத்தையும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று நான்கு தூண்களுக்கு இடைப்பட்ட பகுதி போதும். வார நாளில் காலை, நண்பகல், இரவு என வெவ்வேறு வேளைகளிலும், ஞாயிற்றுக்கிழமையிலும் அங்கே போய் நில்லுங்கள். மழை பெய்யும்போது கட்டாயம் போங்கள். பாலத்தின் விளிம்புக்கு நேர் கீழே புல்வெளி கோடு போட்டதுபோல நின்றுவிடுவதையும், அதற்கு உட்புறம் மண் பொடியாக உலர்ந்து கிடப்பதையும் அப்போதுதான் தெளிவாகப் பார்ப்பீர்கள். மேலே விழும் மழைநீர் குழாய் வழியாகக் கால்வாய்க்குப் போய்விடுவதால், நடுப்பகுதிக்கு ஒரு சொட்டும் வருவதில்லை. இந்தக் கோட்டை உங்கள் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். செடிகளின் ஆயுள் அதைப் பொறுத்ததுதான்.

பிறகு மனிதர்களைக் கவனியுங்கள். பாழடைந்து கிடப்பதாக நாம் நினைக்கும் இடத்தில் பெரும்பாலும் யாரோ ஒருவர் இருப்பார்: அடுத்த அழைப்புக்காகக் காத்திருக்கும் உணவு விநியோக ஓட்டுநர், அட்டையை விரித்து மதிய ஓய்வெடுக்கும் வெளிநாட்டு ஊழியர், ஊரிலுள்ள பிள்ளையுடன் வீடியோவில் பேசும் பணிப்பெண். இடத்தை அழகாக்குகிறோம் என்று சொல்லி இவர்களை அங்கிருந்து விரட்டிவிட்டால், அந்தச் சீரமைப்பை நான் தோல்வி என்றே சொல்வேன். அவர்கள் எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் அமர்கிறார்கள் என்பதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். முகங்களைப் படம் எடுக்க வேண்டாம்.

படி 2: நிலம் யாருடையது?

ஒரே இடத்தில் பல அமைப்புகளின் பொறுப்பு கலந்திருக்கும். ரயில் கட்டமைப்பு நிலப் போக்குவரத்து ஆணையத்தின் கீழ் வரும்; புல்தரை அரசு நிலமாகவோ நகர மன்றத்தின் பராமரிப்பில் உள்ளதாகவோ இருக்கலாம். ஒன்மேப் என்ற அரசின் வரைபடத் தளத்தில் நிலப்பகுதியைப் பார்த்துவிட்டு, எரியாத விளக்கு போன்ற ஒரு சிறு குறையை ஒன்சர்வீஸ் செயலியில் தெரிவியுங்கள். பதில் எந்த அமைப்பிடமிருந்து வருகிறதோ, அங்கிருந்தே உங்கள் பேச்சைத் தொடங்கலாம். ரயில் கட்டமைப்பை ஒட்டிய பகுதி ரயில் பாதுகாப்பு வட்டாரம் என்பதால், அனுமதியின்றி மண்ணைத் தோண்டவோ தூணில் எதையும் பொருத்தவோ கூடாது.

படி 3: கேளுங்கள்

“என்ன வேண்டும்?” என்று கேட்டால் எல்லோரும் பெஞ்சு என்றுதான் சொல்வார்கள். “பாட்டி, மார்க்கெட்டுக்குப் போயிட்டு வரும்போது எங்க நின்னு மூச்சு வாங்குவீங்க?” என்று கேட்டால், பெஞ்சு எந்தத் தூணருகே வேண்டும் என்பதே தெரிந்துவிடும். நான்கு மொழிகளிலும் கேளுங்கள். வட்டாரத்துப் பழைய நினைவுகளையும் விசாரியுங்கள். காமன்வெல்த் டிரைவில் உள்ள ஸ்ரீ முனீஸ்வரன் கோயில் குவீன்ஸ்வே அருகே ரயில்வே ஊழியர்கள் வழிபட்ட சிறு சன்னிதியிலிருந்து வளர்ந்தது என்பது போன்ற செய்திகள் பெரியவர்களிடம்தான் கிடைக்கும்.

படி 4: வரையுங்கள்

ஒரு மீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்ற கணக்கில் கட்டத்தாளில் வரைந்தால் போதும். சைக்கிள் பாதையைத் தொடாதீர்கள். சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் அகலமும் நீளமும் உள்ள இடம் விடுங்கள். பெஞ்சுக்குக் கைப்பிடி இருந்தால் முதியவர்கள் ஊன்றி எழுந்திருப்பார்கள். உலர்ந்த பகுதியில் மருள் (பாம்புச்செடி) போன்ற, குறைந்த நீரில் வாழும் செடிகளைத் தொட்டியில் வையுங்கள். ஆனால் தொட்டிக்கு அடியில் தட்டு வேண்டாம், தேங்கும் நீரில் ஏடிஸ் கொசு முட்டையிடும். செடிகளைப் பற்றிய ஆலோசனைக்கு, தேசிய பூங்காக் கழகம் 2005 முதல் நடத்திவரும் ‘கம்யூனிட்டி இன் புளூம்’ என்ற சமூகத் தோட்டத் திட்டத்தை நாடலாம்.

படி 5: தற்காலிகமாகச் செய்து பாருங்கள்

2005இல் சான் பிரான்சிஸ்கோவில் சிலர் ஒரே ஒரு கார் நிறுத்துமிடத்தில் கட்டணம் செலுத்தி, புல்விரிப்பும் பெஞ்சும் மரமும் வைத்து இரண்டு மணி நேரப் பூங்காவாக்கினார்கள். ‘பார்க்கிங் டே’ என்ற பெயரில் அது உலகெங்கும் பரவி, சிங்கப்பூருக்கும் வந்தது. நீங்களும் எழுத்துபூர்வமான அனுமதி பெற்று, மடக்கு நாற்காலிகளையும் தொட்டிகளையும் ஒரு வார இறுதிக்கு வைத்துப் பாருங்கள். நாற்காலிகளை மக்கள் எங்கே நகர்த்தி உட்கார்கிறார்களோ, அங்கேதான் நிரந்தர இருக்கை வர வேண்டும்.

படி 6: முன்மொழிவு எழுதுங்கள்

நான்கு பக்கம் போதும்: இப்போதைய நிலை, கேட்டறிந்தவை, வரைபடம், செலவு. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) பொது இடமாக இருந்தால், குடியிருப்பாளர் திட்டங்களுக்கான அதன் நிதி எதற்கேனும் விண்ணப்பிக்க முடியுமா என்று விசாரியுங்கள். பராமரிப்பு அட்டவணையை முன்மொழிவிலேயே இணையுங்கள்: செவ்வாய்க்கிழமை தண்ணீர் ஊற்றுவது எந்த வீடு, தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் அவர்கள் ஊரில் இல்லாவிட்டால் மாற்று யார், உடைந்த பலகையைப் பற்றி யார் யாரிடம் சொல்வது. அதிகாரிகள் தயங்குவது பெரும்பாலும் இந்தப் பக்கம் காலியாக இருக்கும்போதுதான். மறுப்பு வந்தால், எந்த நிபந்தனை தடையாக இருந்தது என்று எழுதிக் கேட்டு, அதை மட்டும் திருத்தி மீண்டும் அனுப்புங்கள்.