எபிடியூரல்: லேபர் வார்டில் போய் யோசிக்காதீர்கள்

மருத்துவமனை வாசலில் 'வலியில்லா பிரசவம்' என்று போர்டு இருந்தது, சரி, பிரசவ வலி குறைய முதுகில் போடும் எபிடியூரல் ஊசியை வலி வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். ராத்திரி 2 மணிக்குக் கேட்டால், மயக்க மருந்து டாக்டர் வீட்டிலிருந்து வரவேண்டும் என்றார்கள். வந்தவர் முதலில் கேட்டது பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) ரிப்போர்ட். என்னிடம் இருந்ததோ ஏழாம் மாதத்தில் எடுத்தது. மறுபடி ரத்தம் எடுத்து, ரிசல்ட் வந்து, ஊசி போட்டு முடித்தபோது ஜன்னலில் வெளிச்சம் வந்துவிட்டது.

எட்டாம் மாத செக்கப்பிலேயே கேட்டுவிடுங்கள்: ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் மயக்க மருந்து டாக்டர் அங்கேயே இருப்பாரா, போட்ட பிறகு குழந்தையின் இதயத் துடிப்பை யார் கவனிப்பார்கள், எவ்வளவு செலவாகும். ரத்தம் உறையாமலிருக்க வயிற்றில் ஊசி போட்டுக்கொள்பவர்கள் இதை மறைக்கவோ மறக்கவோ கூடாது. கடைசி ஊசிக்குப் பிறகு, டோஸைப் பொறுத்து 12 அல்லது 24 மணி நேரம் போனால்தான் எபிடியூரல் போடுவார்கள். முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தாலும், பிளேட்லெட் குறைவு என்று யாராவது சொல்லியிருந்தாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

அடுத்த குழப்பம், சிசேரியனுக்குப் போடும் முதுகு ஊசியும் இதுவும் ஒன்று என்று நினைப்பது. அந்த ஸ்பைனல் ஊசி தண்டுவடத்தைச் சுற்றியுள்ள நீருக்குள் ஒரே தடவையாகப் போகும், சில நிமிடங்களில் இடுப்புக்குக் கீழே மரத்துவிடும். எபிடியூரலில் அந்த நீர்ப்பைக்கு வெளியே ஒரு மெல்லிய குழாயை வைத்துவிட்டு ஊசியை உருவிவிடுவார்கள், பிரசவம் முடியும் வரை குழாய் வழியாகக் குறைந்த வீரியத்தில் மருந்து போய்க்கொண்டிருக்கும். வேலை செய்ய 15, 20 நிமிடம் ஆகும். 'முதுகுல ஊசி போட்டா காலம் முழுக்க இடுப்பு வலி' என்று என் சித்தியும் சொன்னார், ஆனால் ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்குமே தவிர, நீண்ட நாள் இடுப்பு வலி போட்டுக்கொண்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஒரே அளவில்தான் வருகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. குனிந்து குனிந்து பால் கொடுப்பதை யாரும் குறை சொல்வதில்லை!

'கர்ப்பப்பை வாய் இன்னும் திறக்கட்டும்' என்று தள்ளிப்போடுவது பழைய வழக்கம். பிரசவ வலி தொடங்கி, பிரசவிக்கும் பெண்ணே கேட்டாள் என்றால் அதுவே போதுமான காரணம், சீக்கிரம் போட்டதால் சிசேரியன் கூடுவதில்லை. முக்கும் கட்டம் மட்டும் கொஞ்சம் நீளும். ரொம்பவும் காத்திருந்தால் வேறு தொல்லை, அசையாமல் உட்கார முடியாது. கட்டில் ஓரத்தில் தலையணையைக் கட்டிப்பிடித்து, தாடையை நெஞ்சில் வைத்து, முதுகைப் பூனை மாதிரி வளைக்கச் சொல்வார்கள், ஜில்லென்று முதுகில் மருந்து தடவுவார்கள், அந்த நேரம் பார்த்து வலி வரும். பல்லைக் கடித்துக்கொள்ளாதீர்கள், 'வலி வருது டாக்டர்' என்று வாய்விட்டுச் சொன்னால் அவர் நிறுத்திக் காத்திருப்பார்.

வலி சுத்தமாகப் போய்விடும் என்று எதிர்பார்ப்பதும் தவறுதான். கீழே அழுத்துவது தெரியும், முக்குவதற்கு அது உதவும். ஆனால் ஒரு பக்கம் மட்டும் மரத்து மறுபக்கம் அப்படியே வலித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம், சொன்னால் குழாயைச் சரிசெய்வார்கள். நடுக்கம், அரிப்பு, ரத்த அழுத்தம் இறங்கித் தலைசுற்றல் எல்லாம் வரலாம், அதையும் உடனே சொல்லுங்கள். கால் லேசாக இருக்கிறதே என்று தனியாக எழுந்து பாத்ரூமுக்குப் போகவே கூடாது.

வீட்டுக்கு வந்த பிறகு ஒன்றே ஒன்று. உட்கார்ந்தால் மண்டையைப் பிளந்து, படுத்தால் குறைகிற தலைவலி வந்தால், 'பச்சை உடம்பு, பனி பட்டிருக்கும்' என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்காதீர்கள். எபிடியூரல் ஊசி அந்த நீர்ப்பையில் ஓட்டை போட்டிருக்கலாம், நூற்றில் ஒருவருக்கு நடப்பதுதான். மாத்திரையில் தீராவிட்டால், உங்கள் கையிலிருந்தே கொஞ்சம் ரத்தம் எடுத்து முதுகில் செலுத்தி அந்த ஓட்டையை அடைக்க மயக்க மருந்து டாக்டருக்குத் தெரியும். கால் பலவீனமோ காய்ச்சலோ சேர்ந்து வந்தால் விடியும்வரைகூடக் காத்திருக்காமல் ஆட்டோ பிடியுங்கள்.