ஏற்கெனவே உயர்த்திய ஜிப்சியை இன்னும் உயர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாருதி ஜிப்சி 1985-இல் வந்தது. 1996-இல் 1.3 லிட்டர் எஞ்சினோடு 'ஜிப்சி கிங்' ஆனது. பொதுச் சந்தையில் விற்பனை நின்று சில வருடங்கள் ஓடிவிட்டன. ஆகவே இன்று கைக்கு வரும் ஜிப்சி பல கை மாறி வந்ததாகத்தான் இருக்கும். அதில் யாரோ ஒருவர் எப்போதோ உயரம் ஏற்றியிருப்பார். புதிதாக வாங்குபவர் அதைப் பார்த்து, "இரண்டு இன்ச் இருக்கு, இன்னும் இரண்டு ஏத்திடலாம்" என்று பட்டறைக்கு வருகிறார். வரும் ஆள்தான் மாறுகிறார், தவறுகள் மாறுவதில்லை.

ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுக்காதே என்பது போன்றவை எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடலாம். வேலை முடிந்து பல வாரம் கழித்துத் தலைகாட்டும் தவறுகள்தான் இங்கே.

இருப்பதை அளக்காமல் தொடங்குவது

"இரண்டு இன்ச் லிஃப்ட்" என்று பழைய உரிமையாளர் சொன்னது அளவாகாது. அந்த இரண்டு இன்ச் எதனால் வந்தது என்பதே முக்கியம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, காற்று சரிபார்த்து, நான்கு மூலையிலும் ஹவுசிங் (ஆக்ஸிலை மூடிய உறை) குழாயின் மேல்பக்கத்திலிருந்து சேஸிஸ் வரை அளந்து எழுதுங்கள். ஷேக்கிளில் (கமான் என்னும் பட்டை ஸ்பிரிங்கின் ஒரு முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஆடும் துண்டு) போல்ட் மையத்திலிருந்து போல்ட் மையம் வரை எவ்வளவு? கமான் கட்டில் எத்தனை பட்டை? எல்லாம் ஒரே தடிமனா, இல்லை நடுவில் வேறு வண்டியின் பட்டை ஒன்று செருகியிருக்கிறதா? ஹவுசிங்கும் கமானும் சேரும் இடத்தில் ஆப்பு இருக்கிறதா? கைபடாத ஒரு ஜிப்சி கிடைத்தால் அதையும் அதே இடங்களில் அளந்து பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலைதான்.

அடுத்து வீல் அலைன்மென்ட். முன் ஆக்ஸில் ஒரே தண்டாக இருப்பதால் கேஸ்டரை (முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்பின் சாய்வை) திருகித் திருத்த வழி கிடையாது. அதனால் பல கடைகளில் டோ (முன்சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் அளவு) மட்டும் பார்த்து அனுப்பிவிடுவார்கள். கேஸ்டர் எண்ணைக் கேட்டு வாங்குங்கள். கீழே சொல்லப் போகும் பெரிய தவறு முழுவதும் அந்த ஒற்றை எண்ணில் இருக்கிறது.

நீள ஷேக்கிளை எடுத்துவிட்டு அதைவிட நீளமான ஷேக்கிள் போடுவது

இத்தனை வருடங்களாகியும் எரிச்சல் தீராத தவறு இது. மலிவு, ஒரு மதியத்தில் முடியும், வெளியிலிருந்து பார்த்தால் வண்டியும் கம்பீரமாக நிற்கும். அதனால்தான் இதை யாரும் விடுவதில்லை.

முதலில் கணக்கைப் பார்ப்போம். ஆக்ஸில் கமானின் நடுப்பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. ஷேக்கிள் ஒரு முனையில் மட்டும் இருக்கிறது. அந்த முனையை 50 மில்லிமீட்டர் தள்ளினால் நடுவில் கிடைப்பது 25 மட்டுமே. இரண்டு இன்ச் நீளத்துக்கு ஒரு இன்ச் உயரம். அந்த ஒரு இன்ச்சுக்குக் கொடுக்கும் விலைதான் பெரியது.

ஜிப்சியின் முன் கமானில் ஷேக்கிள் முன்முனையில் இருக்கிறது, பின்முனை சேஸிஸில் நிலையாகப் பூட்டியிருக்கிறது. ஷேக்கிள் நீண்டால் கமானின் முன்முனை மட்டும் சேஸிஸைவிட்டுக் கீழே இறங்கும். மொத்தக் கமானும் முன்னோக்கிச் சாயும், அதோடு பூட்டிய ஆக்ஸிலும் சுழலும். கிங்பின்னின் (சக்கரம் திரும்பும் அச்சின்) தலை பின்னோக்கிச் சாய்ந்திருக்க வேண்டியது, இப்போது முன்னோக்கி வருகிறது. கேஸ்டர் குறைகிறது என்பதன் பொருள் இதுதான். சைக்கிளின் முன் ஃபோர்க்கைப் பாருங்கள், அது பின்சாய்வாக இருப்பது சும்மா இல்லை. ஓடும் சக்கரம் தானாக நேருக்குத் திரும்ப அந்தச் சாய்வும் ஒரு காரணம்.

அளவு எவ்வளவு? முன் கமானின் கண்ணுக்குக் கண் நீளம் 900 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள் (உங்கள் வண்டியில் அளந்து போட்டுக்கொள்ளலாம்). ஒரு முனை 50 மி.மீ. இறங்கினால் கமான் மூன்று டிகிரிக்குச் சற்று மேல் சாய்கிறது. கம்பெனி கொடுத்த கேஸ்டரே சுமார் மூன்றரை டிகிரிதான். முதல் உரிமையாளர் போட்ட ஷேக்கிளிலேயே கிட்டத்தட்ட முழுவதும் போய்விட்டது. அதன்மேல் நீங்கள் இன்னொரு 50 மி.மீ. சேர்த்தால் சாய்வு ஆறு டிகிரியைத் தாண்டும், கேஸ்டர் பூஜ்யத்துக்குக் கீழே போய்விடும். ஷேக்கிள் செங்குத்தாக நிற்காமல் சாய்ந்து நிற்பதால் இந்த எண்கள் சற்றுக் குறையலாம். பலன் மாறாது.

பிறகு நடப்பது ஊருக்கு ஊர் ஒன்றுதான். முதல் வாரம் ஸ்டீயரிங் லேசாகிவிட்டதாகத் தோன்றும், அதை நன்மை என்றே நினைத்துக்கொள்வார்கள். வளைவு முடிந்தபின் ஸ்டீயரிங் தானாகத் திரும்பாது. நேர் சாலையில் வண்டி இடமும் வலமும் மேயும். பிறகு ஒருநாள் 60, 70 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பாலத்து இணைப்பில் ஏறி இறங்கும்போது முன்சக்கரம் இரண்டும் படபடவென்று ஆடத் தொடங்கும். பிரேக் பிடித்து, கிட்டத்தட்ட நிறுத்தினால்தான் அடங்கும்.

உடனே ஸ்டீயரிங் டேம்பர் (ஆட்டத்தை அடக்கும் ஷாக்) மாற்றப்படும். இரண்டு வாரம் அமைதி. மறுபடி ஆட்டம். டை ராட் (இரு முன்சக்கரத்தையும் இணைக்கும் கம்பி) முனைகள் மாறும். அடுத்து கிங்பின் பேரிங். அடுத்து ஸ்டீயரிங் பாக்ஸே மாறும். ஒவ்வொரு புதுப் பாகமும் தன் இறுக்கத்தால் ஆட்டத்தைக் கொஞ்ச நாள் மறைத்துவைக்கும், பிறகு அதுவும் அடிவாங்கித் தளரும். டயர் வேறு திட்டுத் திட்டாகத் தேய்ந்திருக்கும். செலவைக் கூட்டிப் பார்த்தால் ஒரு முழு செட் புதுக் கமான் வாங்கியிருக்கலாம். கடைசியில் "ஜிப்சி என்றாலே இப்படித்தான்" என்று சொல்லி விற்றுவிடுவார்கள். வாங்கியவர் அந்த ஷேக்கிளின் மேல் இன்னும் ஏற்றக் கேட்டு வருவார். இதில் வண்டியின் குற்றம் எதுவுமே இல்லை.

கிங்பின் பேரிங்கைப் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. டை ராடைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைத் தாங்கித் திரும்பும் நக்கிளை ஸ்பிரிங் தராசால் இழுத்துப் பாருங்கள். தடையே இல்லாமல் வந்தால் ஷிம் (மெல்லிய தகடு) குறைத்து இறுக்க வேண்டும். ஆனால் கேஸ்டர் எண் கையில் வந்த பிறகே அதற்குப் போங்கள்.

பின்பக்கம் நீள ஷேக்கிள் போட்டால் ஸ்டீயரிங் கெடாது, வேறொன்று கெடும். அங்கே ஷேக்கிள் பின்முனையில் இருப்பதால் பினியன் (ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் வந்து சேரும் பல்சக்கரம்) மூக்கு மேலே தூக்கும். ஜிப்சியின் பின் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் இரு முனையிலும் சாதாரண கிராஸ் (யு ஜாயின்ட்) தான். டிரான்ஸ்பர் கேஸின் (முன், பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரிக்கும் பெட்டியின்) அச்சும் பினியன் அச்சும் ஒன்றுக்கொன்று இணையாக இருந்தால்தான் ஒரு கிராஸ் உண்டாக்கும் வேக ஏற்ற இறக்கத்தை மற்றது ஈடுகட்டும். மூன்று டிகிரி பிசகினாலே வண்டியின் தளத்தில் ஒரு ரீங்காரம் கேட்கும். நாளடைவில் டிரான்ஸ்பர் கேஸைத் தாங்கும் ரப்பர் மவுண்டுகளும் கிழியும்.

செய்ய வேண்டியது என்ன? நீள ஷேக்கிளைக் கழற்றிவிட்டுக் கம்பெனி அளவு ஷேக்கிளுக்குத் திரும்புங்கள். உயரத்தைக் கமானின் வளைவிலிருந்து எடுங்கள். இரண்டு இன்ச் கூடுதல் வளைவுள்ள கமான் போட்டால் நடுவைவிட இரு முனையும் ஒரே அளவில் உயர்வதால் ஆக்ஸில் சுழலாது, கேஸ்டரும் இருந்த இடத்திலேயே இருக்கும். பழைய பட்டைகளையே சுத்தியலால் அடித்து வளைவு ஏற்றினால் சில மாதங்களில் படுத்துவிடும். புதுக் கட்டுதான் நிற்கும். நடுவில் ஒரு தடித்த பட்டையைச் செருகினாலும் உயரம் வரும். ஆனால் ஆயிரம் கிலோ அளவிலான இந்த லேசான வண்டி அதை அமுக்க முடியாமல் கல்லில் குதிக்கும், காட்டுப் பாதையில் சக்கரம் தரையை விட்டு எழும்பும்.

ஆப்பைத் திருப்பிப் போடுவது

போன கேஸ்டரை ஆப்பு வைத்து மீட்கலாம். எந்தப் பக்கம் தடிமன் என்பதில்தான் பிசகு. ஜிப்சியில் கமான் ஆக்ஸிலுக்குக் கீழே இருக்கிறது. அந்த நிலையில் முன் ஆக்ஸிலுக்கு ஆப்பின் தடித்த பக்கம் முன்னோக்கி இருக்க வேண்டும். கமானை ஆக்ஸிலுக்கு மேலே மாற்றிய வண்டியில் இது அப்படியே தலைகீழ், தடித்த பக்கம் பின்னோக்கி. மற்றவர் வண்டியைப் பார்த்துப் போடுபவர்கள் இங்கே மாட்டிக்கொண்டு, மூன்று டிகிரி மீட்பதற்குப் பதில் இன்னும் மூன்றை இழக்கிறார்கள்.

அலுமினிய ஆப்பு நசுங்கும், இரும்பே போடுங்கள். சென்டர் போல்ட்டும் ஆப்பின் தடிமன் அளவு நீளமாக வேண்டும். அதன் தலை ஹவுசிங் இருக்கையின் (கமான் பொருந்தும் தட்டின்) குழிக்குள் முழுதாக உட்காராவிட்டால் பிரேக் பிடிக்கும்போது ஆக்ஸில் நகரும். ஆப்பு கேஸ்டரைத் திருத்தும் அளவுக்கு, முன் ஆக்ஸிலின் பினியன் மூக்கு கீழே இறங்கும் என்பதால் முன் ஷாஃப்டின் கோணத்தையும் உடனே பாருங்கள்.

பிளாக்

கமான் கீழே இருக்கும் ஜிப்சியில், கமானுக்கும் ஆக்ஸிலுக்கும் நடுவே பிளாக் (இரும்புக் கட்டை) வைத்தால் வண்டி உயராது, இறங்கும்.

வளைந்த கமானை அப்படியே ஆக்ஸிலுக்கு மேலே ஏற்றுவது

மூன்று இன்ச்சுக்கு மேல் உண்மையிலேயே வேண்டும் என்றால் கமானை ஆக்ஸிலின் மேலே மாற்றுவது சரியான வழி. அது மட்டுமே ஐந்து இன்ச்சுக்குக் குறையாமல் தரும். ஏற்கெனவே இருக்கும் வளைந்த கமானோடும் நீள ஷேக்கிளோடும் இதைச் செய்தால் ஏழு, எட்டு இன்ச் ஆகிவிடும். ஜிப்சியின் இடது, வலது சக்கர இடைவெளிக்கு அது மிக அதிகம், பக்கச் சரிவில் நிற்காது. பழைய லிஃப்ட் முழுவதையும் கழற்றுங்கள். கம்பெனிக் கமான், கம்பெனி ஷேக்கிள், அதன்மேல் இந்த ஒரே மாற்றம்.

புது இருக்கைகளை முதலில் புள்ளி வெல்டிங் மட்டும் வையுங்கள். ஆக்ஸிலை மாட்டி, வண்டியின் முழு எடையையும் இறக்கி, முன்னால் கேஸ்டரும் பின்னால் பினியன் கோணமும் சரியா என்று அளந்தபிறகே முழு வெல்டிங். ஒரே மூச்சில் வெல்டிங் ஓட்டினால் சூட்டில் குழாய் வளையும். சிறுசிறு நீளமாக, பக்கம் மாற்றி, ஆறவிட்டுச் செய்யுங்கள். இந்த அமைப்பில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது பின் கமான் 'எஸ்' போல் முறுக்கிக்கொள்ளும். அதைத் தடுக்க ஹவுசிங்கிலிருந்து சேஸிஸுக்கு ஒரு தாங்குகம்பி தேவைப்படும்.

டிராக் லிங்க்கைச் சூடுபண்ணி வளைப்பது

ஸ்டீயரிங் கம்பி எதிலும் நெருப்பு படக் கூடாது.

உயரம் ஏறினால் டிராப் ஆர்மிலிருந்து (ஸ்டீயரிங் பாக்ஸின் கையிலிருந்து) குறுக்கே போகும் டிராக் லிங்க்கின் சாய்வு கூடுகிறது. பள்ளத்தில் இறங்கும்போது வண்டி தானாகத் திரும்புவதற்குக் காரணம் அதுதான். இரண்டு இன்ச் வரை லிங்க்கின் நீளத்தைத் திருகி ஸ்டீயரிங்கை நடுவுக்குக் கொண்டுவந்தால் போதும். ஐந்து இன்ச்சில் டை ராடையே நக்கிளின் மேல்பக்கம் ஏற்றும் அமைப்பு வேண்டும்.

ஷாஃப்ட், ஹோஸ், ஷாக்: நின்ற நிலையில் மட்டும் அளப்பது

வண்டி தரையில் நிற்கும்போது எல்லாமே போதுமானதாகத்தான் தெரியும். சேஸிஸை ஸ்டாண்டில் ஏற்றி ஆக்ஸில்களை முழுதாகத் தொங்கவிட்டு அளக்க வேண்டும். ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் ஸ்லைடிங் பல் எவ்வளவு உள்ளே மிச்சமிருக்கிறது? போதாதென்றால் ஃப்ளாஞ்சுக்கு நடுவே ஸ்பேசர் வைத்து, அதற்கேற்ற நீள ஹை டென்சைல் போல்ட் போடலாம். லேத்தில் கொடுத்து ஷாஃப்டை நீட்டினால் இரு முனை யோக்கும் (கிராஸைப் பிடிக்கும் கவையும்) ஒரே தளத்தில் இருக்கிறதா என்று பார்த்து, பேலன்ஸ் செய்து வாங்குங்கள். பிரேக் ஹோஸ் தொங்கலில் விறைக்கக் கூடாது, ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுதாகத் திருப்பியும் பாருங்கள். ஹவுசிங் பிரீதர் (காற்றுப்போக்கி) குழாயை மறந்துவிடுகிறார்கள், அது பிடுங்கிக்கொண்டால் ஓடையில் இறங்கும்போது தண்ணீர் நேராக டிஃபரென்ஷியலுக்குள் போகும்.

ஷாக் அப்சார்பரைத் தொங்கலில் மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நீளமான ஷாக் மூடும்போதும் நீளமாகவே இருக்கும். ஒரு சக்கரத்தை முழுதாக மேலே ஏற்றி, பம்ப் ஸ்டாப் (ஆக்ஸில் மேலே மோதாமல் தடுக்கும் ரப்பர்) தொடும் இடத்தில் ஷாக்கில் இன்னும் இடம் மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஷாக் மவுண்ட் பிய்ந்து வரும்.

டயரை மறந்துவிட்டுக் கமானைப் பற்றியே பேசுவது

எத்தனை இன்ச் லிஃப்ட் போட்டாலும் ஹவுசிங் உருண்டை தரையிலிருந்து ஒரு மில்லிமீட்டர்கூட எழாது. அதை எழுப்புவது டயர் மட்டும். 205/70 ஆர்15 டயரின் விட்டம் 668 மி.மீ., 235/75 ஆர்15 சுமார் 733. ஹவுசிங்குக்குக் கிடைப்பது 33 மி.மீ. இந்த டயருக்குத் தேவையான உயரம் எவ்வளவோ அவ்வளவு போதும். பெரிய டயரில் ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையில் 66-இல் போவீர்கள். எஞ்சினும் மேட்டில் இழுக்கத் திணறும்.

ஆர்.சி.

வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்தும், மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவைப் படித்துவிட்டுத் தொடங்குங்கள். 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே வலியுறுத்தியது.

பழைய யு போல்ட்

ஆக்ஸிலைக் கமானோடு கட்டும் யு போல்ட் ஒருமுறை இறுக்கி நீண்டிருந்தால் அதை மறுபடி போடாதீர்கள், புதிது வாங்குங்கள். ஷேக்கிள் போல்ட்டுகளை வண்டி அந்தரத்தில் இருக்கும்போது இறுக்கினால் தரையில் இறக்கியதும் ரப்பர் புஷ் முறுக்கிக் கிழியும். எடை சக்கரத்தில் இறங்கியபின் இறுக்குங்கள். 100 கிலோமீட்டரில் ஒருமுறை, 500-இல் ஒருமுறை எல்லாவற்றையும் மறுபடி டார்க் ரென்ச்சால் பாருங்கள். அன்றே நான்கு மூலை உயரத்தையும் திரும்ப அளந்து, முதல்நாள் எழுதிய தாளில் பக்கத்திலேயே குறித்துவைத்தால் கமான் எவ்வளவு படிந்திருக்கிறது என்று தெரியும்.