உப்பளத்துத் தண்ணீரும் ஒரு பழைய மடிக்கணினியும்: வேதியியல் வகுப்பில் கால்க்

எங்கள் பள்ளியிலிருந்து ராமநாதபுரம் மாவட்டத்து வாலிநோக்கம் பக்கம் போனால் சாலையின் இரண்டு பக்கமும் உப்புப் பாத்திகள்தான். 1974-இல் தொடங்கிய தமிழ்நாடு உப்பு நிறுவனத்தின் உப்பளமும் இந்த மாரியூர் - வாலிநோக்கம் கரையில்தான் இருக்கிறது. என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது ஒருவர் உப்பு வாருகிறவர் அல்லது கடலுக்குப் போகிறவர். "தண்ணி எத்தனை டிகிரி" என்ற பேச்சு அவர்கள் வீட்டில் அன்றாடம் நடக்கும். அது சூட்டை அல்ல, உப்பு ஏற ஏறக் கூடும் நீரின் அடர்த்தியைச் சொல்லும் டிகிரி. ஆனால் வேதியியல் பாடத்தில் 'செறிவு' என்றதும் திருதிருவென்று விழிப்பார்கள். அந்த இடைவெளியை அடைக்கத்தான் கணினியை எடுத்தேன். உப்பளத்து நீரில் எவ்வளவு குளோரைடு இருக்கிறது என்று பிள்ளைகளே ஆய்வகத்தில் அளந்து, கால்க் என்ற அட்டவணைச் செயலியில் கணக்கிட்டு வரைபடம் போடுவதுதான் பாடம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பியூரெட்டுக்கு (கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளந்துவிடும் கண்ணாடிக் குழாய்) பதிலாகக் கணினி என்று யாராவது சொன்னால் நான் அந்தப் பக்கமே போகமாட்டேன். பியூரெட்டைப் பிடித்த கைதான் அடுத்து விசைப்பலகையைத் தொட வேண்டும். சூத்திரத்தையும் பிள்ளைகளேதான் அடிக்க வேண்டும். இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன், அந்தக் கதை கீழே வருகிறது.

தேவையானவை: லிப்ரே ஆபீஸ் போட்ட ஒரு கணினி (கால்க் அதில்தான் இருக்கிறது; இலவசம், இணையம் வேண்டாம், அரசு கொடுத்த பழைய மடிக்கணினியிலும் ஓடும்). 50 மி.லி. பியூரெட், 20 மி.லி. பிப்பெட், 5 மி.லி. பிப்பெட், 250 மி.லி. திட்டக் குடுவை. 0.02 மோலார் (லிட்டருக்கு 0.02 மோல்) சில்வர் நைட்ரேட், 5 சதவீதப் பொட்டாசியம் குரோமேட். சில்வர் நைட்ரேட் விலை கூடியது என்று பயப்படாதீர்கள், 250 மி.லி. கரைசலுக்கு 0.85 கிராம் போதும். பழுப்பு நிறப் புட்டியில் வையுங்கள், வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும்.

படி 1: தண்ணீர் சேர்ப்பது

நான்கு புட்டிகள். ஒன்று கரையோரக் கடல் நீர், இரண்டு நடுப் பாத்தி நீர், ஒன்று உப்பு விழும் கடைசிப் பாத்தி நீர். உப்பளக்காரரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். அங்கேயே அவர் கையில் உள்ள மிதவைக் கருவியால் டிகிரியையும் பார்த்துப் புட்டியின் மேல் எழுதச் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் இதன் பெயர் போமே அளவு. கடல் நீர் சுமார் 3 முதல் 3.5 டிகிரி காட்டும்.

"எதுக்கு சார் கருவி, எங்க அப்பா நாக்குல வச்சே சொல்லிருவாக" என்றான் ஒருவன். சொல்லக்கூடியவர்தான், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் கால்க் தாளில் நாக்கை ஏற்ற வழியில்லையே.

படி 2: தரம் பார்ப்பது

தரம் பார்ப்பது என்றால், செறிவு தெரிந்த கரைசல் எவ்வளவு செலவாகிறது என்பதை வைத்துத் தெரியாத அளவைக் கண்டுபிடிப்பது. சில்வர் நைட்ரேட்டால் குளோரைடை இப்படி அளப்பதற்கு மோர் முறை என்று பெயர். கடல் நீரை அப்படியே எடுத்தால் பியூரெட் பத்தாது. 5 மி.லி. எடுத்து 250 மி.லி. ஆக்குங்கள், 50 மடங்கு நீர்த்தாயிற்று. கடைசிப் பாத்தி நீருக்கு இதுவும் போதாது. நீர்த்த கரைசலில் 25 மி.லி. எடுத்து மறுபடி 250 ஆக்கினால் மொத்தம் 500 மடங்கு. நடுப் பாத்தி நீருக்கும் அதையே செய்துவிடுங்கள், குழப்பம் குறையும்.

நீர்த்ததில் 20 மி.லி.யைக் கூம்புக் குடுவையில் விட்டு, 1 மி.லி. குரோமேட் சேர்த்து, சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். முதலில் வெள்ளை வீழ்படிவு வரும். குளோரைடு தீர்ந்த மறுகணம் மஞ்சள் மாறி லேசான செங்கல் சிவப்பு நிலைக்கும், அதுதான் முடிவுநிலை. இந்த முறைக்கு பிஹெச் 6.5-க்கும் 10-க்கும் இடையே இருக்க வேண்டும். கடல் நீர் சுமார் 8 என்பதால் நமக்கு வேலை மிச்சம்.

வெறும் வாலைவடிநீரிலும் குரோமேட் போட்டு ஒருமுறை பாருங்கள். அதே நிறம் வர 0.2 மி.லி. அளவுக்குச் செலவாகும். அதுதான் வெற்றுத் திருத்தம், பிறகு கணக்கில் கழிக்க வேண்டியது. பலர் இதை விட்டுவிடுகிறார்கள், விடாதீர்கள்.

குரோமேட் நச்சு. அதை நானே சொட்டுக்குழாயால் விடுவேன், பிள்ளைகள் கையில் கொடுப்பதில்லை. கழிவைத் தொட்டியில் ஊற்றாமல் தனிப் புட்டியில் சேருங்கள். சில்வர் நைட்ரேட் விரலில் பட்டால் கருப்பாகும், நாலைந்து நாள் போகாது.

படி 3: தாளைத் தயார் செய்வது

கால்க்கைத் திறந்து முதல் வரிசையில் தலைப்புகளை அடியுங்கள். ஏ நெடுவரிசையில் மாதிரி, பி-யில் டிகிரி, சி-யில் அடர்த்தி, டி-யில் பியூரெட் தொடக்கம், இ-யில் பியூரெட் முடிவு, எஃப்-இல் எத்தனை மடங்கு நீர்த்தல், ஜி-யில் குளோரைடு. ஐ நெடுவரிசையைப் பெயர்களுக்கு வைத்துக்கொண்டு, ஜே-யில் மாறாத எண்களைப் போடுங்கள்: ஜே1-இல் 0.02 (சில்வர் நைட்ரேட்), ஜே2-இல் 0.2 (வெற்றுத் திருத்தம்), ஜே3-இல் 20 (பிப்பெட்), ஜே4-இல் 35.45 (குளோரின்).

ஒவ்வொரு தரம் பார்த்தலுக்கும் ஒரு வரிசை. ஒரே மாதிரியை மூன்று முறை பார்த்தால் மூன்று வரிசை. முதலிலேயே காகிதத்தில் சராசரி எடுத்து ஒரே எண்ணாக ஏற்றாதீர்கள், கை எங்கே தடுமாறியது என்பது அதில் மறைந்துபோகும்.

படி 4: தப்பான எண்ணை வாசலிலேயே நிறுத்துவது

இப்போது அந்தக் கதை. முதல் ஆண்டில் சூத்திரமெல்லாம் நானே போட்டு, பூட்டி வைத்த தாளைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன். எண்ணை ஏற்றினால் விடை. ஒரு குழு கடல் நீருக்கான பியூரெட் முடிவை 11.2 என்பதற்கு 112 என்று அடித்துவிட்டது. லிட்டருக்கு 198 கிராம் குளோரைடு என்று வந்தது. அதை அப்படியே பதிவேட்டில் அழகாக எழுதி, அடிக்கோடும் போட்டுவிட்டார்கள். சாதாரண உப்பு இனிக் கரையாது என்ற அளவுக்கு நிறைவுற்ற கரைசலிலேயே லிட்டருக்கு 190 கிராம் சொச்சம்தான் குளோரைடு இருக்கும். கடல் நீர் அதையும் தாண்டிவிட்டதாம்! அதைவிட வேடிக்கை, 50 மி.லி. பியூரெட்டில் 112 எங்கிருந்து வந்தது? யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை. தப்பு அவர்களுடையதல்ல, கேள்வி கேட்க வேண்டிய இடத்தைத்தான் நான் பூட்டி வைத்திருந்தேனே.

ஆகவே டி, இ நெடுவரிசைகளில் எண் ஏறும் கட்டங்களைத் தேர்ந்தெடுங்கள். டேட்டா மெனுவில் வேலிடிட்டி. அனுமதி என்ற இடத்தில் டெசிமல், குறைந்தது 0, கூடியது 50. இனி 112 அடித்தால் கால்க் ஏற்காது. ஏன் 50 என்று பிள்ளைகளையே சொல்லவிட்டுப் பிறகு அடிக்கச் சொல்லுங்கள்.

படி 5: சூத்திரம்

சி2-இல் அடர்த்தி. சமக்குறி போட்டு 145/(145- என்று அடித்து, பி2 கட்டத்தைச் சொடுக்கி, அடைப்பை மூடி என்டர் தட்டுங்கள். கட்டத்தின் பெயரைக் கையால் அடிக்க வேண்டியதில்லை, சொடுக்கினால் போதும். 3.5 டிகிரிக்கு 1.025-ஐ ஒட்டி வரும்.

ஜி2-வில்தான் விஷயம் இருக்கிறது. கணினியைத் தொடுவதற்கு முன் கரும்பலகையில் சொல்லால் எழுதவையுங்கள்: செலவான கனஅளவு, கழித்தல் வெற்றுத் திருத்தம், பெருக்கல் செறிவு, பெருக்கல் 35.45, வகுத்தல் பிப்பெட் அளவு, பெருக்கல் நீர்த்தல் மடங்கு. மி.லி.யை மோலாரால் பெருக்கினால் மில்லிமோல், அதை 35.45-ஆல் பெருக்கினால் மில்லிகிராம், மி.லி.யால் வகுத்தால் கிராம்/லிட்டர். அலகு ஒழுங்காக வந்தால்தான் அடிக்க விடுவேன்.

பிறகு: சமக்குறி, அடைப்பு, இ2 கழித்தல் டி2 கழித்தல் ஜே2, அடைப்பை மூடி, பெருக்கல் ஜே1 பெருக்கல் ஜே4 வகுத்தல் ஜே3 பெருக்கல் எஃப்2. பெருக்கலுக்கு உடுக்குறி (*), வகுத்தலுக்குச் சாய்கோடு (/). ஜே கட்டம் ஒவ்வொன்றையும் சொடுக்கியதும் எஃப்4 விசையை அழுத்துங்கள், டாலர் குறி விழும். சூத்திரத்தைக் கீழே இழுக்கும்போது அந்தக் கட்டம் நகராமல் இருக்கத்தான் அது. சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும். கடல் நீருக்கு 0-விலிருந்து 11.2 வரை என்றால் விடை 19.5 வரும்.

ஜி2-வின் கீழ்மூலையில் உள்ள சின்னச் சதுரத்தைக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளும் நிரம்பும். டாலர் போட மறந்திருந்தால் மூன்றாம் வரிசையில் 0 நிற்கும், நான்காவதில் பூச்சியத்தால் வகுத்ததாகப் பிழை காட்டும். ஒருமுறை வேண்டுமென்றே மறக்கவிடுங்கள். நான் பத்து நிமிடம் விளக்குவதைவிட அந்த 0 நன்றாக விளக்கும்.

ஆசை இருந்தால் ஹெச் நெடுவரிசையில் மொத்த உப்புத்தன்மை: ஜி-யை சி-யால் வகுத்து 1.80655-ஆல் பெருக்குங்கள். கடல் நீருக்கு கிலோவுக்கு 34.4 கிராம் வரும். ஆனால் அதைக் கடல் நீர் வரிசைகளோடு நிறுத்துங்கள். கடலில் உப்புகள் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ மாறாத விகிதத்தில் இருப்பதால்தான் அந்த எண் செல்லும். பாத்தியில் முதலில் கால்சியம் கார்பனேட் விழுகிறது, 13 - 15 டிகிரி வாக்கில் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) விழத் தொடங்குகிறது, விகிதம் குலைந்துவிடுகிறது. கீழே இழுத்தால் கால்க் அங்கேயும் ஒரு எண்ணை மூன்று தசமத்தோடு கொடுக்கும். அது கேட்டதைக் கொடுக்கும், கேட்டது சரியா என்று கேட்காது.

படி 6: வரைபடம்

பி நெடுவரிசை எண்களைத் தேர்ந்தெடுத்து, கன்ட்ரோல் விசையைப் பிடித்தபடி ஜி-யையும் தேர்ந்தெடுங்கள். இன்செர்ட், சார்ட், அதில் எக்ஸ்-ஒய் ஸ்கேட்டர், புள்ளிகள் மட்டும். கோட்டு வரைபடம் வேண்டாம், அதில் 3.5-க்கும் 12-க்கும் உள்ள தூரமும் 12-க்கும் 26-க்கும் உள்ள தூரமும் ஒன்றாகவே தெரியும். ஒரு புள்ளியின் மேல் வலச்சொடுக்கு செய்து ட்ரெண்ட் லைன் (புள்ளிகளை ஒட்டிச் செல்லும் கோடு) போடலாம், சமன்பாட்டையும் காட்டச் சொல்லலாம்.

போன முறை கோடு போட்டபோது கடைசிப் பாத்தியின் மூன்று புள்ளிகளும் கோட்டுக்குக் கீழே இறங்கி நின்றன. சில்வர் நைட்ரேட் கெட்டுவிட்டதோ, நீர்த்ததில் பிசகோ என்று நான் புட்டியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தேன். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். "சார், 25 டிகிரிக்கு மேல உப்பு கீழ விழுந்துரும்ல. தண்ணில இருக்கதத்தானே நாம அளந்தோம்?"

பாத்தியில் நடப்பது அதேதான். 25 டிகிரி வாக்கில் சோடியம் குளோரைடு படிகமாகத் தொடங்குகிறது. அதன் பிறகு ஆவியாக ஆவியாக டிகிரி ஏறும், நீரில் உள்ள குளோரைடு அந்த வேகத்தில் ஏறாது. 29 - 30 டிகிரியில் மிஞ்சிய கசப்பு நீரை வெளியேற்றிவிடுவார்கள், இல்லாவிட்டால் மெக்னீசிய உப்பும் சேர்ந்து விழுந்து உப்பைக் கெடுக்கும். அந்த மூன்று புள்ளிகளை விட்டுவிட்டுக் கோட்டை மறுபடி போட்டோம், மற்றவற்றோடு நன்றாகப் பொருந்தியது. நீங்களும் அப்படியே செய்யுங்கள், ஆனால் விட்ட புள்ளிகளை அழிக்காமல் வேறு நிறத்தில் வையுங்கள்.

சில்வர் நைட்ரேட் வாங்கவே வழியில்லாத பள்ளியா? டிகிரியும் அடர்த்தியும் மட்டும் வைத்து 3, 5, 6 படிகளைச் செய்யலாம். கூடவே கொலராடோ பல்கலைக்கழகத்தின் பெட் (PhET) என்ற இணையதளத்தில் 'செறிவு' உருவகச் செயலியை ஒருமுறை இறக்கிவைத்தால் இணையம் இல்லாமலும் ஓட்டலாம்.

அடுத்த முறைக்கு அந்தப் பெண் ஐந்தாவது புட்டி ஒன்றைக் கேட்டிருக்கிறாள், வெளியேற்றும் கசப்பு நீருக்கு. அவளுடைய அப்பா ஞாயிற்றுக்கிழமை எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.